வீட்டிலேயே முதல் பீர்: 10 லிட்டர் பேல் ஏல் (வெளிர் நிற ஏல் வகைப் பீர்) தயாரிக்கும் முறை

பிரிட்டனில் வீட்டுத் தேவைக்குப் பீர் தயாரிக்க 1963-ஆம் ஆண்டு வரை உரிமம் வேண்டியிருந்தது. அந்த ஆண்டில் உரிம முறை நீக்கப்பட்ட பிறகு, விற்பனை செய்யாத வரை யாரும் தம் சமையலறையில் பீர் தயாரித்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் இதற்கான கூட்டாட்சிச் சட்டம் 1978-இல் கையெழுத்தானது. சட்டம் இவ்வாறு இடம்தரும் நாடுகளில் வாழும், மது அருந்துவதற்குரிய வயதை எட்டிய தமிழர்களுக்காகவே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் உரிமமின்றி மது தயாரிப்பதைத் தடைசெய்கிறது. நான்கு பேர் குடிக்கும் அளவுதானே என்ற வாதம் அங்கே எடுபடாது. ஊரில் இருப்பவர்கள் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

முதலில் ஓர் அச்சத்தைத் தீர்த்துவிடுகிறேன். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, வீட்டில் பீர் என்றாலே விஷமாகிவிடுமோ என்று கேட்காதவர்கள் குறைவு. அந்தச் சாவுகளுக்குக் காரணம் சாராயத்தில் கலக்கப்பட்ட மெத்தனால். மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) கரைசல் ஈஸ்ட்டால் நொதிக்கும்போது ஆபத்தான அளவில் மெத்தனால் உருவாவதில்லை. பீரில் காய்ச்சி வடித்தல் என்ற படியே கிடையாது. அதை முயலவும் கூடாது. பீருக்கு அனுமதி தரும் பெரும்பாலான நாடுகளிலும் உரிமமின்றிக் காய்ச்சி வடிப்பது குற்றம்.

புதிதாகத் தொடங்குபவர்கள் எந்த ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் கொடிப்பூ), எத்தனை கிராம் என்று செய்முறையையே வாரக்கணக்கில் ஆராய்கிறார்கள். என் கருத்தில் முதல் பீரின் சுவையைத் தீர்மானிப்பவை அடுப்பை அணைத்த பிறகு நடப்பவைதாம்: கரைசல் எவ்வளவு விரைவாகக் குளிர்ந்தது, அதைத் தொட்ட பாத்திரங்கள் எவ்வளவு சுத்தமாக இருந்தன, நொதிக்கும் நாட்களில் வெப்பநிலை எங்கே நின்றது. ஆகவே செய்முறையை எளிமையாக வைத்துக்கொண்டு, இந்த மூன்றிலும் முழுக் கவனத்தைச் செலுத்துவதே நல்லது.

முளைகட்டி உலர்த்திய பார்லியிலிருந்து சர்க்கரையைப் பிரித்தெடுக்கும் வேலையை ஏற்கெனவே முடித்து, பொடியாக்கி விற்கப்படும் மால்ட் எக்ஸ்ட்ராக்ட்டை வாங்கிக்கொள்ளுங்கள். வெளிர் நிறப் பொடி 1.1 கிலோ, நிறமும் இனிப்பும் சேர்க்கும், கடையிலேயே உடைத்துத் தரப்படும் கிரிஸ்டல் மால்ட் 200 கிராம், ‘ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ்’ (East Kent Goldings) என்ற ஹாப்ஸ் வகை 30 கிராம், சாஃப்ஏல் எஸ்-04 போன்ற உலர்ந்த ஏல் ஈஸ்ட் ஒரு பொட்டலம் ஆகியவை 10 லிட்டருக்குப் போதும். ரொட்டிக்கான ஈஸ்ட்டைக் கொண்டு சமாளிக்க வேண்டாம். அது எளிதில் அடியில் படியாது, சுவையும் ஏமாற்றும். பாத்திரங்களில், விருந்துக்குப் பிரியாணி ஆக்கும் அளவிலான 16 லிட்டர் எவர்சில்வர் பாத்திரம், உணவுத்தர பிளாஸ்டிக்கில் செய்த 15 லிட்டர் மூடி போட்ட வாளி, உள்ளிருக்கும் வாயுவை வெளியேற்றி வெளிக்காற்றை உள்ளே விடாதபடி மூடியின் துளையில் பொருத்தும் ஏர்லாக், வெப்பமானி, கரைசலின் அடர்த்தியை அளந்து சர்க்கரையின் அளவைக் காட்டும் ஹைட்ரோமீட்டர், உறிஞ்சுகுழாய், போத்தல்கள் ஆகியவை வேண்டும். பணத்தை மிச்சப்படுத்த நினைத்து ஹைட்ரோமீட்டரை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சுத்தம் செய்வதும் கிருமி நீக்குவதும் இரு வேறு வேலைகள். அழுக்கு ஒட்டிய வாளியில் எந்தக் கிருமிநாசினியும் முழுமையாக வேலை செய்யாது. எனவே முதலில் மென்மையான துணியால் தேய்த்துக் கழுவுங்கள். கரகரப்பான நாரால் தேய்த்தால் பிளாஸ்டிக்கில் விழும் கீறல்களுக்குள் பாக்டீரியா தங்கிவிடும். அதன் பிறகு ஸ்டார் சான் போன்ற, அலசத் தேவையில்லாத அமிலக் கிருமிநாசினியை லிட்டருக்கு சுமார் 1.5 மில்லி என்ற அளவில் கலந்து, வாளி, மூடி, ஏர்லாக், கரண்டி, ஈஸ்ட் பொட்டலத்தை வெட்டும் கத்தரிக்கோல் என எல்லாவற்றையும் இரண்டு நிமிடம் நனைய விடுங்கள். மிஞ்சும் நுரையால் பீருக்குக் கேடில்லை. சலவை பிளீச்சை அமிலக் கிருமிநாசினியோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சான குளோரின் வாயு வெளியாகும்.

குழாய்நீரில் உள்ள குளோரினும் குளோரமினும் மால்ட்டிலுள்ள பொருட்களோடு சேர்ந்து, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியின் வாடையைத் தரும். குளோரமின் கொதிக்க வைத்தாலும் எளிதில் போகாது. பீர், ஒயின் தயாரிப்பில் பயன்படும் கேம்ப்டன் (சல்பைட்) மாத்திரை ஒன்றில் கால் பங்கைப் பொடித்து 11.5 லிட்டர் நீரில் கலந்துவிட்டால் சில நிமிடங்களில் இரண்டும் அகன்றுவிடும்.

இந்த நீரை 68 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, துணிப்பையில் கட்டிய கிரிஸ்டல் மால்ட்டை அரை மணி நேரம் ஊற வையுங்கள். வெப்பம் 75 டிகிரியைத் தாண்டினால் உமியிலிருந்து துவர்ப்பு இறங்கும். பையை எடுத்து வடிய விட்டு, பிழியாமல் ஒதுக்கிவிட்டு, அடுப்பை அணைத்த பிறகே மால்ட் பொடியைக் கொட்டிக் கிளறுங்கள். அடுப்பு எரியும்போது கொட்டினால் அடியில் படிந்து கருகும். பொடி கரைந்ததும் மீண்டும் கொதிநிலைக்குக் கொண்டுவாருங்கள். கொதி வரும் தருணத்தில் பாத்திரத்தை விட்டு நகரக்கூடாது. பாலைப் போலவே நுரை திடீரென்று எழும்பி விளிம்பைத் தாண்டும்; தீயைத் தணித்துக் கரண்டியால் கலக்கினால் சில நிமிடங்களில் அடங்கிவிடும். அடங்கியதும் 20 கிராம் ஹாப்ஸைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விடுங்கள். ஹாப்ஸில் உள்ள ஆல்பா அமிலங்கள் நீண்ட நேரம் கொதித்தால்தான் கசப்பாக மாறும். அந்தக் கசப்பே பல பாக்டீரியாக்களைத் தடுத்துப் பீரைக் காக்கவும் செய்கிறது. மணமோ கொதியில் பறந்துவிடும். எனவே மீதி 10 கிராமைக் கடைசிப் பத்து நிமிடத்தில் சேர்க்க வேண்டும். வீட்டில் நாய் இருந்தால் பயன்படுத்திய ஹாப்ஸை அதற்கு எட்டாத இடத்தில் அப்புறப்படுத்துங்கள். நாய்க்கு அது உயிரைப் பறிக்கும் நஞ்சு.

அடுப்பை அணைத்ததும் பாத்திரத்தை மூடி, பனிக்கட்டியும் குளிர்நீரும் நிரம்பிய சிங்க்கிலோ தொட்டியிலோ இறக்கி வையுங்கள். சுற்றியுள்ள நீர் சூடானால் மாற்றிக்கொண்டே இருங்கள். அரை மணி முதல் முக்கால் மணி நேரத்தில் கரைசல் 20 டிகிரிக்கு வந்துவிட வேண்டும். வெதுவெதுப்பான இனிப்பு நீர் எல்லா நுண்ணுயிர்களுக்கும் விருந்து. ஈஸ்ட் முதலில் குடியேறுமா, வேறொன்று முந்திக்கொள்ளுமா என்பது இந்த நேரத்தில்தான் முடிவாகிறது. குளிர்ந்த கரைசலைக் கிருமி நீக்கிய வாளிக்குள் உயரத்திலிருந்து, நுரை பொங்க ஊற்றுங்கள். ஈஸ்ட் பெருகத் தொடக்கத்தில் ஆக்ஸிஜன் தேவை. காற்றுப்படுவது நன்மை செய்யும் ஒரே கட்டம் இதுதான். 10 லிட்டருக்குக் குறைந்தால் கொதித்து ஆறிய நீரைச் சேர்த்துக்கொள்ளலாம். சிறிதளவு எடுத்து ஹைட்ரோமீட்டரில் பார்த்தால் 1.044 அருகே காட்டும். அதைக் குறித்துக்கொண்டு, 11.5 கிராம் பொட்டலத்தில் முக்கால் பங்கு ஈஸ்ட்டை மேலே தூவி, மூடி, ஏர்லாக்கில் கொதித்து ஆறிய நீர் ஊற்றுங்கள்.

இனி வேலை ஈஸ்ட்டுடையது. உங்கள் பொறுப்பு வெப்பநிலை. இந்த வகை ஈஸ்ட்டுக்கு 18 முதல் 20 டிகிரி ஏற்றது. நொதித்தலே வெப்பத்தை உண்டாக்குவதால், அறை 21 டிகிரியில் இருந்தால் வாளிக்குள் 24-ஐ எட்டிவிடலாம். முதல் மூன்று நாட்கள் இந்த வெப்பத்தில் கழிந்தால், நெயில் பாலிஷ் வாடையும் தலைவலி தரும் கன ஆல்கஹால்களும் பீரில் தங்கிவிடும்; பிறகு எதைச் செய்தும் அதை நீக்க முடியாது. கோடையில் வாளியை அகன்ற நீர்த்தொட்டிக்குள் வைத்து, ஈரத்துண்டு போர்த்தி, உறையவைத்த தண்ணீர்ப் போத்தல்களைக் காலையும் மாலையும் மாற்றினால் நான்கைந்து டிகிரி குறைக்கலாம். இடம் இருட்டாகவும் காற்றோட்டமாகவும் இருக்கட்டும்.

ஒரு நாளுக்குள் மேற்பரப்பில் வெண்மையான நுரை கட்டும். அதில் பழுப்புத் திட்டுகளும் அழுகிய முட்டை போன்ற லேசான கந்தக வாடையும் தோன்றலாம். பயந்து கொட்டிவிடாதீர்கள், இவை இயல்பானவை. வெண்மையான ஆடை போன்ற சுருங்கிய படலமும் காடி வாசனையும் சேர்ந்து வந்தால்தான் கிருமி புகுந்திருக்கிறது. நான்கைந்து நாளில் குமிழிகள் குறைந்ததும் பீர் தயாராகிவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். வெண்ணெய் வாசனை தரும் டயாசிட்டைலையும் பச்சை ஆப்பிள் வாசனை தரும் அசிட்டால்டிஹைடையும் ஈஸ்ட் அதற்குப் பிறகே தின்று தீர்க்கிறது. இரண்டு வாரம் மூடியைத் திறக்காமல் விட்டு, அதன்பின் ஹைட்ரோமீட்டரில் பாருங்கள். மூன்று நாள் இடைவெளியில் இரு முறை பார்த்தும் 1.011 போன்ற ஒரே எண் வந்தால் நொதித்தல் முடிந்துவிட்டது; ஆல்கஹால் சுமார் 4.3 சதவீதம் இருக்கும்.

இந்தச் சோதனையில் அவசரப்படக் கூடாது என்பதற்குக் காரணம் போத்தல். சர்க்கரை மீதமிருக்கும் பீரை அடைத்தால் அழுத்தம் ஏறிக் கண்ணாடி வெடிக்கும், கண்களுக்கே ஆபத்து. முதல் முறைக்குச் சோடா வந்த 500 மில்லி பிளாஸ்டிக் போத்தல்களையே பரிந்துரைக்கிறேன். அழுத்தம் ஏறுவதை விரலால் அழுத்தியே அறியலாம். கண்ணாடிதான் வேண்டுமென்றால் பீருக்கென்றே செய்த தடித்த பழுப்புப் போத்தல் வேண்டும். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து நாற்றமடிக்கும், பழுப்பு நிறம் அதைத் தடுக்கிறது.

60 கிராம் சாதாரண வெள்ளைச் சர்க்கரையை ஒரு தம்ளர் நீரில் கொதிக்க வைத்து ஆற்றி, கிருமி நீக்கிய இன்னொரு வாளியில் ஊற்றி, அதன் மேல் பீரை உறிஞ்சுகுழாய் வழியாகச் சலசலக்காமல் இறக்குங்கள். அடியில் படிந்த ஈஸ்ட் சேற்றை விட்டுவிட வேண்டும். இப்போது காற்றுப்பட்டால் ஈர அட்டையின் சுவை வரும். சர்க்கரை எல்லா இடத்திலும் கலக்கும்படி மெதுவாக ஒரு முறை கிளறி, ஒவ்வொரு போத்தலிலும் மேலே 3 சென்டிமீட்டர் இடம் விட்டு நிரப்பி மூடுங்கள். 20 டிகிரி அறையில், இருட்டில், இரண்டு வாரம் இருக்க வேண்டும். போத்தல் கல்லைப் போல் இறுகியதும் இரண்டு நாள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் வாயு பீருக்குள் நன்கு கரைந்து, ஈஸ்ட்டும் அடியில் கெட்டியாகப் படியும்.

கண்ணாடிக் குவளையைச் சாய்த்துப் பிடித்து ஒரே சீராக ஊற்றி, கடைசி ஒரு சென்டிமீட்டரைப் போத்தலிலேயே விட்டுவிடுங்கள். அந்தப் படிவு கேடு செய்யாது, ஆனால் பீரைக் கலக்கிக் கசப்பைக் கெடுக்கும். காலியான போத்தலை அப்போதே வெந்நீரால் அலசிக் கவிழ்த்து வைக்கவும். காய்ந்த ஈஸ்ட் ஒட்டிய போத்தலை அடுத்த முறைக்குச் சுத்தம் செய்வது மிகவும் கடினம்.