ஒயின் ஊருக்கு நாலு நாள் தேனிலவு: திட்டம் பிசகும் இடங்கள்

கல்யாண வேலையில் மாதக்கணக்கில் ஓடிக் களைத்த இருவர், அது முடிந்த கையோடு இன்னொரு ஓட்டத்துக்குத் திட்டம் போடுவார்கள். நாலு நாள், பத்துப் பன்னிரண்டு ஒயினரி (ஒயின் தயாரிக்கும் பண்ணை), நடுவே இரண்டு பெரிய நகரம். தாளில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் போகிற நாளும் வருகிற நாளும் பயணத்துக்கே சரியாகிவிடும். மிஞ்சுவது இரண்டு பகல். மற்ற தவறுகளில் பாதி, இந்த எளிய கழித்தலைச் செய்யாததால் வருபவை.

முதலில் இடம். "போர்தோ போகிறோம்", "டஸ்கனி போகிறோம்" என்று சொல்கிறோம். முதலாவது பிரான்சில், இரண்டாவது இத்தாலியில். ஒயினைப் பொறுத்தவரை இரண்டுமே ஓர் ஊர் அல்ல, பரந்த நிலப்பரப்பு. போர்தோவில் மெடாக் ஒரு கரையில், சாந்த் எமிலியோன் ஆறுகளைத் தாண்டி எதிர்ப்பக்கத்தில். ஒரே நாளில் இரண்டையும் பார்க்கக் கிளம்பினால் பொழுது காரிலேயே போய்விடும். டஸ்கனியிலும் கியாந்தி குன்றுகள் ஃப்ளாரன்சுக்கும் சியேனாவுக்கும் இடையில் இருக்க, மோந்தால்சினோ இன்னும் தெற்கே தள்ளி இருக்கிறது. வரைபடத்தில் விரற்கடை தூரமாகத் தெரிவது மலைப்பாதையில் வளைந்து வளைந்து இழுக்கும். குறுகிய பயணத்துக்கு ஒரு பள்ளத்தாக்கு, ஒரே அறை போதும். இரண்டு இரவுக்கு ஒருமுறை பெட்டி கட்டுவது தேனிலவுக்குச் சேராத வேலை.

அடுத்தது மாதம். புதுமணத் தம்பதிகள் பலர் அறுவடைக் காலத்தையே கேட்கிறார்கள். வட அரைக்கோளத்தில் அது ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரை. தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷ், ஆஸ்திரேலியாவின் பரோஸா, அர்ஜென்டினாவின் மெண்டோசா போன்ற தென் அரைக்கோளப் பகுதிகளில் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை. குலைகள் கனத்துத் தொங்கும், காற்றிலேயே நொதிக்கும் வாசனை வரும், உண்மைதான். ஆனால் அப்போதுதான் பண்ணைக்காரருக்கு மூச்சுவிட நேரமிருக்காது, அறை வாடகையும் உச்சத்தில் நிற்கும். நின்று பேசி, ஆற அமர ஊற்றிக் கொடுக்க ஆள் வேண்டுமானால் வட அரைக்கோளத்தில் மே, ஜூன் மாதங்கள் நல்லது. கொடிகள் பச்சையாக இருக்கும், பகலும் நீளமானது. குளிர்காலத்தில் போகிறவர்கள் வெட்டிவிட்ட மொட்டைக் கட்டைகளைத்தான் காண்பார்கள் என்பதைத் தெரிந்தே போக வேண்டும். ஆகஸ்ட் நடுவில் பிரான்சிலும் இத்தாலியிலும் சிறிய பண்ணைகள் பல விடுமுறை விட்டுவிடும். ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான்.

நேரில் போய் நின்றால் உள்ளே விடுவார்கள் என்று நம்புவது இன்னொரு தவறு. கலிபோர்னியாவின் நாபாவில் 1990இல் வந்த விதிப்படி, அதற்குப் பிறகு தொடங்கிய ஒயினரிகள் முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே ருசிபார்க்கத் தரலாம். ஐரோப்பாவின் குடும்பப் பண்ணைகளில் வரவேற்பாளர் என்று தனியாக யாரும் இருப்பதில்லை. கதவைத் திறப்பவரே திராட்சையை வளர்த்தவராக இருக்கலாம். சில வாரங்களுக்கு முன்பே நாலு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள்: எத்தனை பேர், எந்த மொழி, எந்த நேரம், தேனிலவுக்கு வருகிறோம். அந்தக் கடைசிச் செய்தியைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். பீப்பாய் அறையைச் சுற்றிக்காட்டுவதா, வழக்கமான மேசையோடு முடித்துக்கொள்வதா என்பதை அது மாற்றக்கூடும். வரமுடியாமல் போனால் மறக்காமல் சொல்லிவிடுங்கள். உங்களுக்காக ஒருவர் தோட்ட வேலையை விட்டுவிட்டு வந்திருப்பார்.

இப்போது எண்ணிக்கை. நான் மிகவும் வற்புறுத்திச் சொல்வது இதைத்தான். ஓரிடத்தில் ஐந்து ஒயின் ஊற்றுகிறார்கள், ஒவ்வொன்றும் 40 மில்லி என்று வையுங்கள். தலைக்கு 200 மில்லி. நாலு இடத்துக்குப் போனால் 800 மில்லி. ஒரு முழு பாட்டிலே 750தான். அதைத் தனியாக ஒருவர் குடித்து முடித்திருப்பார். அதற்கு வெகு முன்பே நாக்கு மரத்துப்போயிருக்கும், நாலாவது இடத்து ஒயின் எப்படி இருந்தது என்று இருவருக்குமே நினைவிருக்காது. நாளுக்கு இரண்டு போதும்: காலையில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. வெறும் வயிற்றோடு போகாதீர்கள், இடையிடையே தண்ணீர் குடியுங்கள். மேசையில் வைத்திருக்கும் வாளி துப்புவதற்காகத்தான். துப்பினால் ஊற்றியவருக்கு அவமரியாதை என்று நினைத்து விழுங்குகிறவர்கள் நிறைய. அந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் துப்பித்தான் ருசிபார்க்கிறார்கள். அன்றைக்கு மட்டும் சென்ட் பூசாமல் போங்கள். பக்கத்தில் நிற்பவரின் கிண்ணத்து வாசனையையும் அது மூடிவிடும்.

காரை யார் ஓட்டுவது என்ற கேள்வியை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது ஆபத்து. பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல் எல்லாவற்றிலும் பொதுவான வரம்பு இரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால். இரண்டு பேரில் ஒருவர் இரண்டு நாளும் முகர்ந்துமட்டும் பார்ப்பது நியாயமில்லை. காரே தேவைப்படாத ஊரைத் தேர்ந்தெடுப்பதுதான் என் யோசனை. ஷாம்பெயின் பகுதியின் எப்பர்னேயில் பெரிய நிறுவனங்கள் பல ஒரே சாலையில் வரிசையாக இருக்கின்றன, நடந்தே போகலாம். போர்ச்சுகலில் போர்ட்டோவிலிருந்து கிளம்பும் ரயில் சற்றுத் தூரத்துக்குப் பின் டோரோ ஆற்றை ஒட்டியே போய், மலைச்சரிவில் படிபடியாக நட்ட திராட்சைக் கொடிகளுக்கு நடுவே இறக்கிவிடும். தென்னாப்பிரிக்காவின் பிரான்ஷ்ஹூக்கில் பண்ணைக்குப் பண்ணை ஏறி இறங்க ஒயின் டிராமே ஓடுகிறது. இப்படி எதுவும் இல்லாத இடத்தில் ஒரு நாளைக்கு ஓட்டுநரை அமர்த்திக்கொள்ளுங்கள்.

இருவரில் ஒருவருக்குக் குடியே பிடிக்காது என்றால், அதை விமான டிக்கெட் போடும் முன்பே மனம்விட்டுப் பேசிவிட வேண்டும். "அங்கே வந்தால் பழகிவிடும்" என்று துணையை இழுத்துப் போவது வருத்தத்தில்தான் முடியும். ஆனால் குடிக்காதவருக்கும் இந்த ஊர்களில் நிறைய இருக்கிறது: கொடிகளுக்கு இடையே நடை, சைக்கிள், ஆற்றுப் படகு, சுண்ணாம்புப் பாறையில் குடைந்த நிலவறைகள். (நிலவறைக்குள் கோடையிலும் 10 முதல் 12 டிகிரிதான். ஒரு சால்வை எடுத்துப்போங்கள்.) அவருடைய விருப்பத்துக்கென்று ஒரு முழு மதியத்தை ஒதுக்குங்கள், மிச்சமிருக்கும் இடத்தில் திணிக்காதீர்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு பெயரை மாற்றிக்கொள்பவர்கள் கவனிக்க: டிக்கெட்டில் இருக்கும் பெயர் கையிலிருக்கும் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போக வேண்டும்.

பாட்டில் வாங்கினால் வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் விட்டுப் போகாதீர்கள், ஒரே மதியத்தில் ஒயின் கெட்டுவிடும். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கொண்டுபோகப் பல விமான நிலையங்களில் விடமாட்டார்கள் என்பதால், துணிக்குள் சுற்றிச் செக்-இன் பெட்டியில்தான் வைக்க வேண்டும். ஆண்டு நிறைவுக்குத் திறக்க ஒன்று எடுத்துவைக்க ஆசையா? அழகான லேபிளைப் பார்த்து எடுக்காமல், எத்தனை வருடம் தாங்கும் என்று ஊற்றுபவரிடம் கேளுங்கள். பெரும்பாலான ஒயின்கள் ஓரிரு வருடத்துக்குள் குடிப்பதற்காகவே செய்யப்படுபவை. கல்யாணமான வருடத்தின் பெயர் போட்ட சிவப்பு ஒயின் வேண்டும் என்று அங்கே போய்த் தேடுபவர்களும் உண்டு. அது அப்போது கொடியில் இருக்கும், அல்லது பீப்பாயில் இருக்கும். பிறகு வாங்கிக்கொள்ள, பண்ணையின் பெயரையும் முகவரியையும் குறித்துக்கொண்டு வாருங்கள். மோந்தால்சினோவின் புருனெல்லோ என்ற சிவப்பு ஒயினை அறுவடைக்குப் பிறகான ஐந்தாம் ஆண்டின் ஜனவரி 1க்கு முன் விற்கவே கூடாது என்பது விதி. 2025இல் மணந்தவர்களின் பாட்டில் 2030இல்தான் கடைக்கு வரும், ஐந்தாவது திருமண நாளுக்குச் சரியாக.