இங்கிலாந்து சாக் மேட்டுல கோடைகாலப் பட்டாம்பூச்சிங்களைப் போட்டோ எடுக்கிறது எப்படி

தெற்கு இங்கிலாந்துல இருக்கிறவங்க, இல்ல ஜூலை ஆகஸ்ட்ல லண்டன் பக்கம் வர்றவங்க, கையில கேமரா இருந்தா ஒரு நாளாவது சாக் (சீமைச்சுண்ணாம்பு) மேட்டுக்குப் போங்க. சௌத் டவுன்ஸ், நார்த் டவுன்ஸ், சில்டர்ன்ஸ், வில்ட்ஷர்னு நீளநீளமா கிடக்கிற அந்தப் பச்சை மேடுங்களுக்கு அடியில முழுக்க வெள்ளை சீமைச்சுண்ணாம்புப் பாறைதான். பல இடத்துல மேல மண்ணு நாலு விரக்கடை கூட தேறாது, சத்து கம்மி, தண்ணியும் நிக்காது. சத்து இல்லாததாலதான் ஏதோ ஒரு புல்லு மட்டும் கொழுத்து வளந்து மத்ததை எல்லாம் அமுக்க முடியல, நல்ல இடமா இருந்தா ஒரு சதுர மீட்டருக்குள்ளயே 40 வகைச் செடி வரைக்கும் இருக்கும். செடி இத்தனை வகை இருந்தா பூச்சியும் வரும்ல, அதுதான் நமக்கு வேணும்.

எல்லாரும் முதல்ல லென்ஸ் பத்திதான் கேப்பாங்க. அதைக் கடைசியில பாத்துக்கலாம். பட்டாம்பூச்சிக்கு நம்மள மாதிரி உடம்புல சொந்தச் சூடு கிடையாது, வெயில்ல காஞ்சு உடம்பு 30 டிகிரி கிட்ட வந்தாத்தான் ஒழுங்கா பறக்க முடியும். இதை மனசுல வெச்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சது. மதியம் 12 மணி வெயில்ல போனீங்கன்னா அது ஃபுல் சார்ஜ்ல இருக்கும், ஒரு பூவுல ரெண்டு செகண்ட் உக்காராது, நீங்க பின்னாடியே மேடு ஏறி எறங்கி மூச்சு வாங்குறதுதான் மிச்சம், வெளிச்சமும் உச்சியில இருந்து விழுந்து போட்டோ சப்புன்னு இருக்கும். அதுக்குப் பதிலா சாயங்காலம் போங்க. ஜூலையில அங்க சூரியன் மறைய 9 மணி ஆகுது, அதனால ஆபீஸ் முடிச்சுட்டே போகலாம். 7 மணிக்கு மேல வெயில் சாயச்சாய பூச்சிங்க ஒவ்வொண்ணா புல்லுத்தண்டுல செட்டில் ஆகும், கடைசி வெயிலை வாங்கிக்க ரெக்கையை விரிச்சு வெக்கும், அப்புறம் மூடிக்கிட்டு அப்படியே தூங்கப் போயிடும். சாக்ஹில் ப்ளூ, காமன் ப்ளூன்னு நீலப் பட்டாம்பூச்சி வகைங்க எல்லாம் கூட்டமா பக்கத்துப் பக்கத்துத் தண்டுல தலைகீழா தொங்கும், ஒரே ஃப்ரேம்ல நாலஞ்சு கூட கிடைக்கும். விடியக்காலை 5 மணிக்குப் போனா பனித்துளியோட எடுக்கலாம்தான், ஆனா கார் இல்லாதவங்களுக்கு அந்த நேரத்துல ட்ரெயின் கிடைக்காது, என் ஓட்டு சாயங்காலத்துக்குத்தான்.

பகல்லதான் போக முடியும்னா மேகமும் வெயிலும் மாறிமாறி வர்ற நாளா பாருங்க. மேகம் மூடினதும் பூச்சி கப்சிப்னு புல்லுல உக்காந்துடும், எங்க உக்காந்துச்சுன்னு பாத்து வெச்சுக்கிட்டு மெதுவா போய் ரெடியா இருங்க, வெயில் திரும்ப வந்ததும் சூடேத்திக்க ரெக்கையைப் பப்பரப்பான்னு விரிக்கும், பறக்கிறதுக்கு முன்னாடி உங்களுக்குக் கொஞ்ச நேரம் கிடைக்கும், அதுதான் சான்ஸ்.

அடுத்தது செடி. சாக்ஹில் ப்ளூ, அடோனிஸ் ப்ளூ ரெண்டோட புழுவும் ஹார்ஸ்ஷூ வெட்ச்ங்கிற மஞ்சப் பூ செடியைத்தான் திங்கும், தரையோட தரையா படர்ற பட்டாணிக் குடும்பத்துச் செடி அது. அந்தச் செடி இல்லாத மேட்டுல என்னதான் பூ பூத்துக் கிடந்தாலும் இந்த ரெண்டையும் தேடுறது வேஸ்ட். 1953ல மிக்ஸமடோசிஸ் நோய் பிரிட்டனுக்குள்ள வந்து முயல் எல்லாம் கொத்துக்கொத்தா செத்துச்சு, மேய ஆள் இல்லாம புல்லு உயரமா வளந்துடுச்சு, தரையில சூடு குறைஞ்சு அடோனிஸ் ப்ளூ பல இடத்துல காணாமலே போச்சு. இப்ப ஆடு மாடு விட்டு மேய்ச்சு புல்லைக் குட்டையா வெச்சிருக்காங்க. அதனால வேலி போட்டு ஆடு மேயுதேன்னு திரும்பிடாதீங்க, கேட்டைத் தொறந்து உள்ள போய்த் திரும்ப மூடிட்டு நடங்க, நீங்க தேடுறது அங்கதான் இருக்கும்.

எப்ப எது வரும்னு சொல்லிடுறேன். மே ஜூன்ல அடோனிஸ் ப்ளூவோட முதல் சுத்து (முதல் தலைமுறை), கூடவே பிரிட்டன்லயே சின்ன பட்டாம்பூச்சியான ஸ்மால் ப்ளூ. ஜூன் கடைசியில மார்பிள்ட் ஒயிட், டார்க் க்ரீன் ஃப்ரிட்டிலரி. ஜூலை நடுவுல சாக்ஹில் ப்ளூ ஆரம்பிச்சு ஆகஸ்ட் முதல் வாரம் வாக்குல உச்சம். ஆகஸ்ட்ல அடோனிஸ் ரெண்டாவது சுத்தும் சில்வர் ஸ்பாட்டட் ஸ்கிப்பரும். ஒரே ஒரு தடவைதான் போக முடியும்னா ஆகஸ்ட் முதல் பாதி. இடம்னு கேட்டா லண்டன்காரங்களுக்கு சுலபம் டார்க்கிங் பக்கத்துல இருக்கிற டென்பீஸ் ஹில்சைட், தெற்குப் பாத்த சரிவு, ட்ரெயின்ல போய் நடந்தே ஏறிடலாம். எதிர்ல பாக்ஸ் ஹில். ஆக்ஸ்ஃபர்ட் பக்கம்னா ஆஸ்டன் ரோவன்ட், ஹாம்ப்ஷர்னா மார்ட்டின் டவுன்.

கிட்ட போற விதம். நடக்கும்போது வானத்துக்கு எதிர்ல நெட்டையா தெரியாதீங்க, தூரத்துலயே முட்டி போட்டுடுங்க, உங்க நிழல் அது மேல விழவே கூடாது, விழுந்தா அடுத்த செகண்ட் பறந்துடும். கையைப் பக்கவாட்டுல ஆட்டாம நேரா மெதுவா முன்னாடி போங்க, ரெண்டடிக்கு ஒரு தடவை ஒரு க்ளிக் அடிச்சுக்கிட்டே போனா கடைசியில பறந்தாலும் ஏதாவது ஒண்ணு கையில இருக்கும். முட்டி போடுற இடத்தைப் பாத்து போடுங்க, அந்தப் புல்லுல தண்டே இல்லாத ஒரு வகை முள்ளுச்செடி தட்டையா வட்டமா தரையோட ஒட்டிக் கிடக்கும், நடுவுல அழகா ஊதாப் பூ ஒண்ணு இருக்கும், மேல உக்காந்தாதான் முள்ளு தெரியும். கூடவே உடைஞ்ச ஃப்ளின்ட் கல்லு, கத்தி மாதிரி. முட்டிக்கு ஒரு பேட் இல்ல பழைய யோகா மேட் துண்டு கொண்டு போங்க.

இன்னொண்ணு, கொஞ்சம் அருவருப்பா இருந்தாலும் கேட்டுக்கோங்க. பாதை ஓரம் ஆட்டுப் புழுக்கை, குதிரைச் சாணி கிடந்தா தாண்டிப் போயிடாம நின்னு பாருங்க. சாக்ஹில் ப்ளூ ஆண் பூச்சிங்க உப்பு, தாதுச்சத்துக்காக அதுல வந்து மொய்க்கும். உறிஞ்சு குழலை நீட்டி அங்கங்க குத்திக் குத்தி உறிஞ்சும்போது வேற நினைப்பே இருக்காது, ஒரு கை தூரத்துல படுத்து எடுத்தாலும் கண்டுக்காது. வெளுத்த நீலம், ஓரத்துல கருப்பு பார்டர், உடம்புல வெள்ளி முடின்னு எல்லாம் தெளிவா கிடைக்கும். ஃப்ரேமைக் கொஞ்சம் மேல தூக்கி வெச்சா சாணியும் தெரியாது, ஃபேஸ்புக்ல போட்டா யாருக்கும் தெரியப் போறதில்ல.

இப்ப கேமரா. 90லருந்து 105 மி.மீ. மேக்ரோ லென்ஸ் (சின்னதைக் கிட்டத்துல பெருசா எடுக்கிறது) ஒண்ணு இருந்தா போதும், கிட்ட ஃபோகஸ் ஆகுற 100-400 ஜூமும் சூப்பர், ஏன்னா தள்ளி நின்னே எடுக்கலாம், 50 மி.மீ. மேக்ரோ மட்டும் வாங்காதீங்க, ரொம்ப கிட்ட போகணும். ஃபோன்ல எடுக்கிறவங்க மேக்ரோ மோடை விட்டுட்டு 2 எக்ஸ் இல்ல 3 எக்ஸ் டெலிஃபோட்டோவுல எடுங்க. அபர்ச்சரை (லென்ஸ் திறப்பை) எஃப் 8 சுமாரா வெச்சுக்கோங்க, ஷட்டர் ஸ்பீடு 1/500 செகண்டை விட மெதுவா போக வேண்டாம், ஐஎஸ்ஓவை (சென்சார் வெளிச்சத்தை வாங்குற அளவு) ஆட்டோல விட்டு 3200 வரைக்கும் அனுமதிங்க, நாய்ஸைப் (படத்துல வர்ற புள்ளியைப்) பிறகு குறைச்சுக்கலாம், ஆடிப்போன போட்டோவை ஒண்ணும் பண்ண முடியாது. இதை விட முக்கியம் கேமரா சென்சாரும் ரெக்கையும் ஒண்ணுக்கொண்ணு இணையா இருக்கணும். ரெக்கை மூடியிருந்தா சரியா பக்கவாட்டுல இருந்து, விரிச்சிருந்தா அது சாஞ்சிருக்கிற அளவுக்கு நீங்களும் சாஞ்சு எடுக்கணும், கொஞ்சம் கோணினாலும் முன் ரெக்கை ஷார்ப்பா இருக்கும் பின் ரெக்கை கரைஞ்சுடும். ஃபோகஸ் கண்ணுல.

மார்பிள்ட் ஒயிட் எடுக்கும்போது எக்ஸ்போஷரை (படத்தோட வெளிச்ச அளவை) அரை ஸ்டாப் குறைச்சுடுங்க, இல்லைன்னா வெள்ளை வெந்து போயிடும். வெள்ளைப் பாதையில உக்காந்த பூச்சின்னா உல்டா, கேமரா பயந்து எல்லாத்தையும் இருட்டாக்கிடும், கொஞ்சம் ஏத்துங்க. பின்னணிக்கு சரிவை யூஸ் பண்ணிக்கோங்க, மேல பாத்து எடுத்தா பின்னாடி புல்லு ஒட்டிக்கிட்டு கசகசன்னு இருக்கும், சரிவுக்குக் குறுக்கால பாத்து எடுத்தா பின்னாடி பள்ளத்தாக்கு முழுக்க கரைஞ்சு ஒரே பச்சையா வரும். உச்சியில காத்து பிச்சுக்கிட்டுப் போகும், பாதி தூரம் எறங்கி மறைவான பக்கமா வாங்க.

அடோனிஸா காமன் ப்ளூவான்னு குழப்பம் வந்தா ரெக்கை ஓரத்து வெள்ளை விளிம்பை ஜூம் பண்ணுங்க. கருப்புக் கோடுங்க வெள்ளையைக் குறுக்கால வெட்டிப் போனா அடோனிஸ், சுத்த வெள்ளையா இருந்தா காமன். பெண்ணுங்க பெரும்பாலும் பிரவுன், அதனால ரெக்கையோட அடிப்பக்கத்தையும் ஒரு ஷாட் கட்டாயம் எடுத்து வெச்சுக்கோங்க.

பட்டாம்பூச்சி பிடி கொடுக்கலைன்னா சிக்ஸ் ஸ்பாட் பர்னெட் எடுங்க, பகல்ல பறக்கிற அந்துப்பூச்சி, கருப்புல சிவப்புப் பொட்டு, உடம்புல சயனைடு வெச்சிருக்கிற தைரியத்துல நம்மளைப் பாத்து அசையவே அசையாது, புதுசா பழகுறவங்களுக்கு இதை விட நல்ல மாடல் கிடையாது. மேட்டு விளிம்புல நின்னா கெஸ்ட்ரல் வல்லூறு காத்துல அப்படியே நின்னு இரை தேடும், சில நேரம் நம்ம கண் மட்டத்துக்கே வரும், அதுக்கு ஷட்டர் 1/2000 வெச்சுக்கோங்க. மழை பெஞ்சு ஓஞ்சா ரோமன் நத்தை வெளிய வரும், பெருசா உருண்டையா இருக்கும், போட்டோ எடுங்க ஆனா எடுத்துட்டுப் போகாதீங்க, 2008லருந்து சட்டப்படி பாதுகாப்புல இருக்கு. புல்லு மூடின சின்னச் சின்ன மேடுங்க எல்லாம் மஞ்ச எறும்புப் புத்து, மிதிக்காதீங்க, ஆர்க்கிட் மேலயும் படுத்துடாதீங்க.

ஃபுல் பேன்ட் போட்டு சாக்ஸுக்குள்ள சொருகிக்கோங்க, ஆடும் மானும் இருக்கிற இடம், உண்ணி உண்டு. வீட்டுக்கு வந்ததும் முட்டிக்குப் பின்னாடி, இடுப்பு, அக்குள் எல்லாம் பாருங்க, ஒட்டியிருந்தா ட்வீசரால தோலை ஒட்டிப் பிடிச்சு நேரா மேல இழுங்க, எண்ணெய் ஊத்துறது தீக்குச்சி வெக்கிறது எல்லாம் வேண்டாம். அடுத்த சில வாரத்துல அந்த இடத்துல சிவப்பா வட்டம் பரவுனா இல்ல காய்ச்சல் மாதிரி இருந்தா லைம் நோயா இருக்கலாம், உண்ணி கடிச்சதைச் சொல்லி ஜிபி (குடும்ப டாக்டர்) கிட்ட காட்டிடுங்க.