பைக்கில் நீண்ட தூரம் போனால் உடம்பு வலிக்கிறதா? சீட்டை மாற்றுவதற்கு முன் இதையெல்லாம் செய்யுங்கள்

சென்னையிலிருந்து திருச்சி சுமார் 330 கிலோமீட்டர். விழுப்புரம் தாண்டுவதற்குள் இடுப்பு பிடித்துக்கொள்கிறது, உளுந்தூர்பேட்டையில் டீக்கு நிறுத்தும்போது உள்ளங்கை மரத்துப் போயிருக்கிறது என்றால், பெரும்பாலானோர் ஊர் திரும்பியதும் நேராகப் போவது சீட் கடைக்குத்தான். சீட் கடைசியில் தொட வேண்டியது. டயர் காற்று, லீவர் (கிளட்ச், பிரேக் பிடி), ஷாக் (அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங்) இந்த மூன்றையும் சரிசெய்தாலே பாதி வலி போய்விடும். அதற்குப் பெரிதாகச் செலவும் கிடையாது.

இந்தப் பதிவு ஸ்ப்ளெண்டர், ஷைன், யூனிகார்ன், பல்சர், எஃப்இசட் மாதிரியான தினசரி வண்டிகளுக்கானது. கிளாசிக் 350 வைத்திருப்பவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும். என்னுடையது இரட்டை ஷாக் போட்ட 150 சிசி. கீழே சொல்வதெல்லாம் அந்த வண்டியில் செய்து பார்த்து, இன்றுவரை அப்படியே வைத்து ஓட்டுபவை.

தேவையான சாமான்கள்

ரிங் ஸ்பேனர் செட், ஆலன் கீ செட், அளவு டேப், டயர் பிரஷர் கேஜ். அட்ஜஸ்டபிள் ஸ்பேனரைத் தயவுசெய்து எடுக்காதீர்கள். ஹேண்டில்பாரில் இருப்பவை சின்ன போல்ட்டுகள், அது முனையை மழுக்கிவிடும். கேஜ் வாங்கும்போது முள் ஓடும் டயல் வகையை வாங்குங்கள். பேனா மாதிரி வருவதில் கோடுகள் நெருக்கமாக இருப்பதால் 2 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. நமக்கு அந்த 2 பிஎஸ்ஐ முக்கியம்.

1. எங்கே வலிக்கிறது?

ஒரு மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டிவிட்டு, இறங்கியவுடன் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளங்கையும் மணிக்கட்டும் என்றால் லீவர் கோணம், அல்லது உடம்பின் எடை கையில் இறங்குகிறது. கீழ் முதுகு என்றால் ஷாக். பிட்டத்தில் இரண்டு புள்ளிகளில் மட்டும் குத்துகிறது என்றால் சீட் ஃபோம். கழுத்து என்றால் காற்று மோதுவது. எல்லா இடமும் வலிக்கிறது என்றாலும் இதே வரிசையில் போங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி ஓட்டிப் பாருங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

2. டயர் காற்று

செயின் கவரிலோ ஸ்விங் ஆர்மிலோ (பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை) ஒரு ஸ்டிக்கர் இருக்கும். தனியாகப் போனால் எவ்வளவு, பின்னால் ஆள் இருந்தால் எவ்வளவு என்று இரண்டு கணக்கு போட்டிருப்பார்கள். அதுதான் வேதம். பஞ்சர் கடையில் கேட்காமலே 40 வரை ஏற்றிவிடும் பழக்கம் உண்டு. "கம்மியா வெச்சா பஞ்சர் ஆகும் சார்" என்பார்கள். தனியாக ஓட்டுகிறவருக்கு அந்த 40-ல் சாலையில் கிடக்கும் ஒவ்வொரு கல்லும் முதுகுத்தண்டில் கேட்கும்.

காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்பே பாருங்கள். ஓடிச் சூடான டயரில் காற்றழுத்தம் சில பிஎஸ்ஐ கூடுதலாகத்தான் காட்டும். அதைப் பார்த்துக் குறைத்துவிட்டால் மறுநாள் காலை காற்று போதாது. நைட்ரஜன் வேண்டுமா என்றால், என் கருத்தில் வேண்டாம். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

3. லீவர் கோணம்

பலர் தவறவிடும் இடம் இது. புது வண்டியில் கிளட்ச், பிரேக் லீவர்கள் பெரும்பாலும் தரைக்குக் கிட்டத்தட்டச் சமமாக நீட்டிக்கொண்டிருக்கும். விரலை வைக்க மணிக்கட்டை மேல்நோக்கி மடக்க வேண்டும். தாம்பரம் டிராஃபிக்கில் ஒரு மணி நேரம் மடக்கி மடக்கிக் கிளட்ச் பிடித்தால் வலிக்காமல் என்ன செய்யும்?

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, எப்போதும் உட்காரும் இடத்தில் உட்காருங்கள். கண்ணை மூடி, தோளைத் தளர்த்தி, கைப்பிடியைப் பிடித்துவிட்டு விரல்களை நேராக நீட்டுங்கள். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரே கோடாக இருக்க வேண்டும். அந்தக் கோட்டில்தான் லீவர் இருக்க வேண்டும். மேலே இருந்தால் கீழே இறக்குங்கள்.

கிளட்ச் பக்கம் ஒரே போல்ட். கழற்றாமல் தளர்த்தினாலே சுழலும். பிரேக் பக்கம் டிஸ்க் என்றால் மாஸ்டர் சிலிண்டரை (லீவரோடு சேர்ந்த, பிரேக் ஆயிலைத் தள்ளும் பாகம்) பிடித்திருக்கும் கிளாம்பில் இரண்டு போல்ட். கிளாம்பில் அம்புக்குறி இருந்தால் அது மேல்நோக்கியே இருக்கட்டும். திரும்ப இறுக்கும்போது மேல் போல்ட்டை முதலில், கீழ் போல்ட்டைப் பிறகு. பிரேக் ஆயில் டப்பா அதிகம் சாய்ந்துவிடக் கூடாது. இறக்குவது ஓரளவுக்குத்தான். கண்ணாடிகளும் அதே கிளாம்பில் இருந்தால் கூடவே திரும்பிவிடும், அவற்றையும் சரிசெய்யுங்கள்.

இப்போது சிக்கலான விஷயம். லீவரைத் திருப்பப் போனால் கொஞ்சம் இறங்கியதும் பக்கத்தில் இருக்கும் சுவிட்ச் பெட்டியில் இடித்து நின்றுவிடும். சரி, சுவிட்ச் பெட்டியையும் சேர்த்துத் திருப்பலாம் என்று ஸ்க்ரூவைத் தளர்த்தினால் அது அசையாது. பெட்டிக்கு உள்ளே பட்டாணி அளவில் ஒரு பிளாஸ்டிக் முனை இருக்கிறது. அது ஹேண்டில்பாரில் போட்ட ஓட்டைக்குள் உட்கார்ந்திருக்கும். பலம் கொடுத்துத் திருப்பினால் முனை முறியும். சில மெக்கானிக்குகள் அதை வேண்டுமென்றே வெட்டிவிடுவார்கள். சம்மதிக்காதீர்கள். வலது பக்கப் பெட்டிக்குள்தான் ஆக்சிலரேட்டர் கேபிள் முடிகிறது. முனை இல்லாவிட்டால் நீங்கள் முறுக்கும்போது பெட்டியே சேர்ந்து சுழலப் பார்க்கும்.

வழி இரண்டு. முதலாவது, லீவர் கிளாம்பை ஹேண்டில்பாரின் நடுப்பக்கமாகச் சில மில்லிமீட்டர் நகர்த்திப் பெட்டியிலிருந்து விலக்கிவிட்டு, பிறகு திருப்புவது. பெரும்பாலும் இதுவே போதும். லீவரின் நுனிப்பகுதியில் விரல் படுவதால் கிளட்ச்சும் லேசாகிவிடும். இரண்டாவது, நடுவில் இருக்கும் நான்கு போல்ட்டையும் தளர்த்தி ஹேண்டில்பாரையே இம்மி அளவு திருப்புவது. பெட்டி, லீவர், கண்ணாடி எல்லாம் ஒன்றாகத் திரும்பும். கைப்பிடியும் உங்கள் பக்கம் கொஞ்சம் வரும் என்பதால் முன்னால் குனிந்து உட்காருகிறவர்களுக்கு இரட்டை லாபம்.

எதைச் செய்தாலும் முடித்தவுடன் இந்தச் சோதனை கட்டாயம். வண்டியை நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து ஹேண்டிலை இடது கோடி, வலது கோடி இரண்டுக்கும் திருப்புங்கள். எஞ்சின் சத்தம் உயர்ந்தால் ஆக்சிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். அப்படியே தெருவில் இறங்காதீர்கள், கேபிள் போகும் வழியைச் சரிசெய்த பிறகுதான் ஓட்ட வேண்டும். கிளட்ச் லீவரின் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரை சும்மா ஆடும் இடம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

4. ஷாக்

பின் ஷாக்கின் அடியில் படிப்படியாக வெட்டிய ஒரு வளையம் இருக்கும். டூல் கிட்டில் இருக்கும் வளைந்த ஸ்பேனரை மாட்டித் திருப்பினால் படி ஏறும், இறங்கும். இதைப் பற்றி ஒன்றைப் புரிந்துகொண்டால் போதும்: வளையத்தைத் திருப்புவதால் ஸ்பிரிங் மெத்தென்று ஆகிவிடாது. ஸ்பிரிங்கின் கடினம் தொழிற்சாலையில் வந்தது வந்ததுதான். நீங்கள் உட்காரும்போது வண்டி எவ்வளவு கீழே இறங்கி நிற்கிறது என்பதை மட்டும்தான் வளையம் தீர்மானிக்கிறது. அதனால்தான் "மெத்தென்று இருக்கட்டும்" என்று கடைசிப் படிக்கு இறக்கி வைத்தவர்களுக்கு வலி கூடுகிறது. ஷாக் ஏற்கெனவே பாதி அமுங்கியிருக்கும். வேகத்தடையில் மீதியும் அமுங்கி 'டக்'கென்று தட்டும். அந்தத் தட்டு முழுவதும் இடுப்புக்குத்தான்.

அளந்து வைப்பதே சரி. சென்டர் ஸ்டாண்டில் பின் சக்கரம் தொங்கும்போது, ஆக்ஸிலின் நடுவிலிருந்து நேர் மேலே சீட் அடியில் ஒரு இடத்துக்கு டேப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். பிறகு ஸ்டாண்டை எடுத்து, ஹெல்மெட், பை எல்லாம் போட்டு, நீங்கள் வழக்கமாக உட்காரும்படி உட்கார, இன்னொருவர் அதே இரண்டு புள்ளிகளை அளக்க வேண்டும். வித்தியாசம் 25-லிருந்து 30 மி.மீ.க்குப் பக்கத்தில் இருந்தால் இந்த ரக வண்டிக்கு நல்ல அளவு. அதற்கு மேல் என்றால் ஒரு படி ஏற்றுங்கள், மிகக் குறைவு என்றால் இறக்குங்கள். இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும். பின்னால் ஆள் ஏறினால் படியும் ஏற வேண்டும்.

படி சரியாக இருந்தும் பின்பக்கம் விறைப்பாகவே இருக்கிறதா? செயினைப் பாருங்கள். நிற்கும்போது சரியாகத் தெரிகிற செயின்கூட, ஆள் ஏறி ஸ்விங் ஆர்ம் நடுநிலைக்கு வரும்போது இன்னும் இறுகும். ஏற்கெனவே இழுத்துக் கட்டியிருந்தால் ஷாக்கை அசையவிடாது.

முன்பக்கம் இரண்டே சோதனை. முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் பள்ளத்தில் விழுந்த மாதிரி நின்றால் கோன் செட் (ஹேண்டில் சுழலும் பேரிங்) போய்விட்டது. ஃபோர்க் (முன் ஷாக்) ஆயில் மாற்றி வருடக்கணக்கில் ஆகியிருந்தால் மாற்றுங்கள், கம்பெனி சொன்ன அளவும் ரகமும் மட்டும்.

5. இப்போது சீட்

மேலே சொன்னதெல்லாம் முடித்து, இன்னும் வலித்தால் மட்டும்.

கடையில் விரலால் அமுக்கிப் பார்த்து "எவ்வளவு மெத்தென்று இருக்கிறது" என்று மயங்காதீர்கள். நம் எடை இரண்டு உட்காரும் எலும்புகளில்தான் இறங்குகிறது. மென்மையான ஃபோம் அரை மணி நேரத்தில் அந்த இரண்டு இடத்தில் முழுதாக அமுங்கி, எலும்பு அடிப் பிளாஸ்டிக் தகட்டின் மேல் உட்கார்ந்துவிடும். துண்டு ஃபோம்களை ஒட்டி அழுத்திச் செய்யும் ரீபாண்டட் ஃபோம் அடியில், அதன் மேல் ஒரு அங்குலத்துக்குள் மென்மையான ஃபோம். இதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். முதல் வாரம் கெட்டியாகத் தோன்றும், பரவாயில்லை.

ஃபோமைவிட முக்கியம் சரிவு. நிறைய வண்டிகளில் சீட் டேங்க் பக்கம் சரிந்திருக்கும். ஒவ்வொரு பிரேக்குக்கும் முன்னால் சறுக்கி, கையால் ஊன்றிப் பின்னால் தள்ளிக்கொள்கிறோம். தோளும் மணிக்கட்டும் வலிப்பதற்கு இதுவும் காரணம். சீட்டை வெட்டி மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை: பருத்தித் துண்டை நான்காக மடித்து, டேங்கை ஒட்டிய பாகத்தில் மட்டும் சமமாக விரித்து, அதன் மேல் சீட் முழுக்க நெட் கவரை இழுத்து மாட்டி ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். சறுக்கல் நின்று கைக்கு இதம் தெரிந்தால், அந்த உயரத்தை அப்படியே கடைக்காரரிடம் காட்டி, முன்பக்கத்தை மட்டும் ஏற்றச் சொல்லுங்கள்.

சென்னையில் இருப்பவர்களுக்கு ஜி.பி. ரோடு போதும். ஒரிஜினல் சீட்டை வெட்ட மனமில்லை என்றால் புதுப்பேட்டையில் பழைய சீட் ஒன்று வாங்கி அதில் செய்யுங்கள். கடையில் மூன்று விஷயம் சொல்லுங்கள்: தையல் உட்காரும் இடத்தில் வரக் கூடாது. ரெக்சினுக்கும் ஃபோமுக்கும் நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் ஷீட் வேண்டும், இல்லையென்றால் ஐப்பசி மழையில் தையல் வழியே நீர் இறங்கி, வெயில் அடித்த பிறகும் பேண்ட் நனையும். உயரம் கூடினால் இரண்டு காலும் தரையில் ஊன்றுமா என்று அங்கேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அக்னி நட்சத்திரத்தில் கறுப்பு ரெக்சின் சுடும், வேர்க்கும். அதற்கு நெட் கவர் நல்ல மருந்து. ஜெல் பேடுக்கு என் ஓட்டு இல்லை. வெயிலில் நிறுத்தினால் சூட்டை வாங்கி வைத்துக்கொள்கிறது.

6. எதிர்க்காற்று

கழுத்து வலிக்கு வண்டியின் முன்னால் மாட்டும் சின்ன வைசர் (காற்றுத் தடுப்பு) உதவும். ஆனால் காற்றை நெஞ்சிலிருந்து தூக்கி நேராக ஹெல்மெட்டில் அடிக்கிற உயரத்தில் இருந்தால் தலை ஆடிக்கொண்டே இருக்கும். வைசர் இல்லாமலே இருப்பது மேல். நண்பரின் வண்டியில் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். வேறு அளவு டயர் போடுவது போன்ற பெரிய மாற்றங்களுக்கு முன் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவை நினைவில் வையுங்கள். பதிவுச் சான்றில் உள்ள, கம்பெனி குறித்த விவரங்களிலிருந்து வண்டி மாறக் கூடாது என்கிறது அது. லீவர் கோணம், ஷாக் படி, சீட் ஃபோம் ஆகியவற்றுக்கு அந்தக் கவலை இல்லை.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

அம்மா சேலை கட்டிக்கொண்டு ஒருபக்கமாக உட்காருகிறார், சீட்டை எப்படி மாற்றுவது என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். பின் சீட்டை உயர்த்தவே வேண்டாம், தட்டையாக விடுங்கள். வழுக்கும் ரெக்சினுக்குப் பதில் சொரசொரப்பான ரகம் போடுங்கள். ஷாக் இரண்டு படி ஏற்றுங்கள், டயரில் இரண்டு பேருக்கான காற்று வையுங்கள். சேலை கார்டும் அதில் இருக்கும் கால் வைக்கும் கம்பியும் ஆடாமல் இருக்கட்டும். கால் ஊன்ற இடம் உறுதியாக இருந்தாலே அவருக்குப் பாதி சிரமம் குறையும்.

மோனோ ஷாக் (பின்னால் ஒரே ஷாக்) வண்டியில் வளையம் எட்டவில்லை என்று பலர் எழுதினார்கள். சைடு பேனலைக் கழற்றினால் பெரும்பாலான வண்டிகளில் தெரியும். டூல் கிட் ஸ்பேனரின் கைப்பிடி குட்டையாக இருந்தால் அதோடு நீட்டிப்புக் குழாய் மாட்டுங்கள். சுத்தியலும் ஸ்க்ரூ டிரைவரும் வைத்துத் தட்டித் திருப்பாதீர்கள், படிகளின் விளிம்பு உடைந்துவிடும். திருப்புவதற்கு முன் வளையத்தில் ஒட்டியிருக்கும் சேற்றைப் பழைய டூத் பிரஷால் தேய்த்துக் கழுவிவிட்டால் பாதி பலம் போதும்.