வீட்டில் பாட்டுப் பதிவு: ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்குவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே இங்கே சிங்கப்பூரில் தெரிந்தவர்கள் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். "அண்ணே, பாப்பா பாடுறத வீட்டிலேயே பதிவு பண்ணலாம்னு இருக்கோம். எந்த இன்டர்ஃபேஸ் நல்லது?" மைக்கின் ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் பெட்டிதான் இன்டர்ஃபேஸ். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பாப்பா பாடும்போது பக்கத்தில் யார் வாசிப்பார்கள்?

இதை யோசிக்காமல் வாங்குவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ போன்ற சின்னப் பெட்டிகளில் இரண்டு உள்ளீடுகள் இருக்கும். ஆனால் மைக் செருகக்கூடியது ஒன்றுதான். மற்றது கிட்டாருக்கோ கீபோர்டுக்கோ உரியது. மிருதங்கத்துக்கு வலந்தலைப் பக்கம் ஒரு மைக், தொப்பிப் பக்கம் ஒரு மைக் வைத்தால்தான் இரண்டு முகமும் சரியாக விழும். பாடுகிறவருக்கு ஒன்று சேர்த்தால் மூன்று. அப்படியானால் மைக் உள்ளீடு நான்கு உள்ள இன்டர்ஃபேஸ் வேண்டும். தனித்தனியாகப் பதிந்து பிறகு சேர்த்துக்கொள்ளலாமே என்பார்கள். சினிமாப் பாட்டுக்குச் சரி. முகம் பார்த்து வாசிக்கும் கச்சேரிப் பாட்டை அப்படிப் பிரித்தால் உயிர் போய்விடும். தம்புரா ஆப்பையோ கரோக்கேயையோ வைத்துக்கொண்டு ஒருவர் மட்டும் பாடப்போகிறார் என்றால் ஒரு மைக் உள்ளீடு போதும், கூடுதல் பணம் போட வேண்டாம்.

அடுத்தது டிரைவர். நம்பகம் என்று நாம் தேடுவது பெரும்பாலும் பெட்டிக்குள் இருப்பதில்லை. பெட்டியைக் கணினியோடு பேசவைக்கும் இந்த மென்பொருளில்தான் இருக்கிறது. நான் ஒருமுறை எம்ஆர்டி ரயில் நிலையத்தில் ஒருவரைச் சந்தித்து, 80 வெள்ளிக்குப் பழைய இன்டர்ஃபேஸ் ஒன்று வாங்கினேன். அவர் சொன்னதில் பொய் இல்லை, அவருடைய பழைய கணினியில் அது நன்றாகவே வேலை செய்தது. ஆப்பிள் 2020இல் தன் சொந்தச் சிப்புக்கு மாறிய பிறகு வந்த மாக் என்னுடையது. அந்தச் சிப்புக்கான டிரைவரைத் தயாரிப்பாளர் வெளியிடவே இல்லை. பெட்டி இன்னும் என் அலமாரியில் கிடக்கிறது.

அதனால் பணம் கொடுக்கும் முன் தயாரிப்பாளரின் பதிவிறக்கப் பக்கத்துக்குப் போய், உங்கள் விண்டோஸ் அல்லது மாக் பதிப்பின் பெயர் அங்கே இருக்கிறதா, கடைசி டிரைவர் எப்போது வந்தது என்று பாருங்கள். விண்டோஸ்காரர்களுக்கு இன்னொன்று: அந்த நிறுவனமே எழுதிய ஏஸியோ (ஒலியைத் தாமதமின்றிக் கடத்தும் வகை) டிரைவர் இருக்க வேண்டும். 'ஏஸியோ ஃபார் ஆல்' என்ற பொது டிரைவர் அவசரத்துக்கு உதவும், அதை நம்பிப் பெட்டி வாங்கக் கூடாது. ஃபயர்வயர் இணைப்புள்ள பழைய பெட்டிகள் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், இன்றைய கணினிகளில் அந்தத் துளையே கிடையாது.

வாங்கும் இடத்தையும் யோசிக்க வேண்டும். கடையில் வாங்கிய பொருளில் 6 மாதத்துக்குள் கோளாறு தெரிந்தால், அது வாங்கும்போதே இருந்ததாகத்தான் இங்குள்ள லெமன் சட்டம் (பழுதான பொருளை வாங்கியவரைக் காக்கும் சட்டம்) எடுத்துக்கொள்ளும். 2012 செப்டம்பரிலிருந்து இது நடப்பில் இருக்கிறது. ஆனால் தனி ஆள் ஒருவரிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு இல்லை. வெளிநாட்டு இணையக் கடையில் விலை குறைவாகத் தெரியும். 9 விழுக்காடு ஜிஎஸ்டியையும், பழுதானால் திருப்பி அனுப்பும் செலவையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பெட்டியின் மேல் 192 கிலோஹெர்ட்ஸ் என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒலியை வினாடிக்கு எத்தனை ஆயிரம் முறை அளக்கிறது என்ற கணக்கு அது. மனிதக் காது ஏறக்குறைய 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், 48இல் பதிந்தாலே அது முழுவதும் அடங்கிவிடும். 192இல் பதிந்தால் கோப்பு நான்கு மடங்கு பெருக்கும், கணினி திணறும். ஒவ்வோர் அளவையும் நுணுக்கமாகக் குறிக்கும் 24 பிட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒலி உச்சம் மைனஸ் 10, 12 டெசிபெலில் நிற்கும்படி கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவை, குறைத்து வைத்தாலும் இரைச்சல் ஏறாது. தனி ஆவர்த்தனத்தில் திடீரென்று விழும் அடி உடையாமல் பதிவாகும்.

பாடுகிறவர் தன் குரலையே ஹெட்ஃபோனில் தாமதமாகக் கேட்டால் தாளம் தடுமாறும். கணினி ஒலியைச் சேர்த்துவைத்துக் கையாளும் பஃபரின் அளவு 1024இல் இருந்தால், 48 கிலோஹெர்ட்ஸில் அது மட்டுமே 21 மில்லிவினாடி. போய்த் திரும்பும்போது அதன் இரட்டிப்புக்கும் மேல். பதியும்போது 128க்குக் குறையுங்கள், மிக்ஸிங் செய்யும்போது ஏற்றிக்கொள்ளுங்கள். கணினிக்குள் போகாமல் குரலை நேராக ஹெட்ஃபோனுக்கு அனுப்பும் டைரக்ட் மானிட்டர் வசதி இருந்தால் இந்தக் கவலையே வேண்டாம். அது இல்லாத பெட்டியை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. புளூடூத் ஹெட்ஃபோன் பதிவுக்கு உதவவே உதவாது.

மைக்கையும் வீட்டையும் சேர்த்துப் பாருங்கள். வீவக அடுக்குமாடி வீட்டில், சின்ன ஒலியையும் பிடிக்கும் நல்ல கண்டென்சர் மைக்கை வைத்தால் எதிர்ப் புளோக் மரத்துக் குயிலும் ஏர்கான் முனகலும் மின்விசிறியும் சேர்ந்தே பதிவாகும். பெரும்பாலான கூடங்களில் வாய்க்கு அருகில் வைத்துப் பாடும் டைனமிக் மைக்தான் கைகொடுக்கும். அதை வாங்கினால் இன்டர்ஃபேஸின் கெயினையும் பார்க்க வேண்டும். ஷூர் எஸ்எம்7பி என்ற டைனமிக் மைக்குக்குச் சுமார் 60 டெசிபெல் கெயின் தேவை. சோலோவின் மூன்றாம் தலைமுறை தருவது 56. ஒருவர் இந்த இரண்டையும் சேர்த்து வாங்கிவிட்டு, குரல் மெலிதாக விழுவதைப் பார்த்து மைக்தான் பழுது என்று என்னிடம் எடுத்து வந்தார். புடவை அலமாரியைத் திறந்து வைத்து அதற்கு முதுகு காட்டி நின்று பாடச் சொல்லுங்கள், அறையின் எதிரொலி பாதி அடங்கிவிடும். ஹம் என்று தாழ்ந்த ஒலி கேட்டால், மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பல சமயம் அதோடு போய்விடும்.

பதிவு மென்பொருளில் முதல் நாளே பெரிய தொகை போடுவது தேவையில்லாதது. மாக் இருந்தால் கராஜ்பேண்ட் இலவசம். விண்டோஸில் ரீப்பரை 60 நாள் முழுமையாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், வீட்டு உபயோகத்துக்கு உரிமம் 60 அமெரிக்க டாலர். புரோ டூல்ஸின் இலவசப் பதிப்பில் 8 ஒலித்தடங்கள்தான், ஆனால் ஒரு வீட்டுக் கச்சேரிக்கு அது போதும்.

கேக்வாக் என்ற பதிவு மென்பொருளை நம்பிப் பல ஆண்டுகள் வேலை செய்தவர்களுக்கு 2017 நவம்பரில் ஓர் அதிர்ச்சி வந்தது. அதன் உரிமையாளரான கிப்சன் நிறுவனம், இனி அந்த மென்பொருளை வளர்க்கப்போவதில்லை என்று அறிவித்தது. 2018 பிப்ரவரியில் நம் சிங்கப்பூரைச் சேர்ந்த பேண்ட்லேப் அதை வாங்கியதால் பிழைத்தது. எல்லா மென்பொருளுக்கும் அப்படி ஒருவர் வந்து கைகொடுப்பார் என்று இருக்க முடியாது. ஆகவே பாட்டு முடிந்த அன்றே குரல், மிருதங்கத்தின் இரண்டு பக்கம், தம்புரா என்று ஒவ்வொரு தடத்தையும் பாட்டின் தொடக்கப் புள்ளியிலிருந்தே தனித்தனி வேவ் கோப்பாக எடுத்து, வேறொரு டிஸ்க்கில் போட்டு வையுங்கள். பாப்பா வளர்ந்த பிறகு எந்த மென்பொருளில் திறந்தாலும் அவை வரிசையாகப் போய் உட்கார்ந்துகொள்ளும்.