ஸ்லீப்பிங் பேக் லைனர்: எதை எடுப்பது, பழைய சுங்குடிச் சேலையில் எப்படித் தைப்பது

ஸ்லீப்பிங் பேக், அதாவது உள்ளே நுழைந்து படுக்கிற கதகதப்பான படுக்கைப் பை வாங்குகிறவர்கள் லைனரைப் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதே இல்லை. லைனர் என்பது பேக்குக்குள் போட்டுக்கொள்ளும் மெல்லிய துணிப்பை. நான்கு இரவு தூங்கினால் உடம்பின் வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் பேக்கின் உள்பக்கத்தில் ஏறிவிடும். இறகு அடைத்த பேக்கில் பிசுக்கு ஏற ஏற இறகு ஒட்டிக்கொண்டு உப்பாது. உப்பாவிட்டால் குளிரைத் தாங்காது. பேக்கைத் துவைப்பது பெரிய வேலை, காய நாள் கணக்கில் ஆகும். லைனரை அரை மணி நேரத்தில் அலசிக் கொடியில் போட்டுவிடலாம். இதுதான் லைனரின் முதல் பயன். குளிர் தாங்குவது அதற்கு அடுத்ததுதான்.

முதலில்: எங்கே தூங்கப் போகிறீர்கள்?

மதுரை, மேலூர், அழகர்கோவில் பக்கம் மார்கழியிலும் இரவு 20 டிகிரி அளவில்தான் இருக்கும். இங்கே ஸ்லீப்பிங் பேக்கே வேண்டாம். பருத்தி லைனர் மட்டும் போதும். தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போகிறவர்கள் மண்டபத்திலும் பந்தலிலும் படுக்க இதையே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அடியில் பாயோ தார்ப்பாயோ கட்டாயம். தரையின் குளிர்ச்சியை லைனர் துளியும் தடுக்காது.

ரயிலில் ஏசி பெட்டியில் போர்வையும் விரிப்பும் தருவார்கள். ஸ்லீப்பர் வகுப்பில் பொதுவாகத் தருவதில்லை. அங்கேயும், விரிப்பைப் பார்த்தாலே சந்தேகம் வரும் விடுதி அறைகளிலும் லைனர் நன்றாக உதவும்.

கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும். அங்கே கூடாரத்தில் படுப்பதானால் சரியான பேக் வேண்டும், லைனர் அதற்குத் துணை. மெல்லிய பட்டு, பருத்தி லைனர்கள் கூட்டும் கதகதப்பு இரண்டு மூன்று டிகிரிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டையில் 10, 15 டிகிரி என்று போட்டிருப்பதை நம்பி மெல்லிய பேக்கோடு மலையேறினால் விடிய விடிய நடுங்க வேண்டியதுதான்.

துணி

பருத்தி: மலிவு, உடம்புக்கு இதம், கொதிக்கிற தண்ணீரையும் தாங்கும். மூட்டைப்பூச்சி சந்தேகம் இருந்தால் 60 டிகிரிச் சூட்டில் துவைக்கலாம் என்பது பெரிய வசதி. குறை என்னவென்றால், வியர்வையைக் குடித்துவிட்டு விடாது. மேகமலை மாதிரி மூடுபனி கவிந்த இடத்தில் ஒருமுறை நனைந்தால் ஊர் திரும்பும்வரை ஈரமாகவே கிடக்கும். ஈரப் பருத்தி உடம்புச் சூட்டை இழுத்துவிடும்.

பட்டு: 100 முதல் 150 கிராம்தான். மடித்தால் கைக்குள் அடங்கும், சீக்கிரம் காயும். பல நாள் மலைநடைக்கு இதற்கு இணை இல்லை. ஆனால் நனைந்த பட்டின் இழை வலுவிழக்கும். முறுக்கிப் பிழிந்தால் கிழியும். வெயிலில் காய வைத்தால் நைந்துபோகும். சலவைப் பவுடரும் ஆகாது, மிதமான ஷாம்பு போதும்.

மைக்ரோஃபைபர், ஃபிளீஸ் வகைகள்: குளிருக்கு நல்லது, விரைவில் காயும். ஃபிளீஸ் நிறைய இடத்தை அடைக்கும். இந்தச் செயற்கை இழைகளில் நெருப்புப் பொறி பட்டால் உருகி ஓட்டை விழும். கேம்ப்ஃபயர் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

பட்டு என்று விற்கிற மலிவான லைனர்களில் வெறும் பாலியஸ்டர் சாட்டினும் உண்டு. தையல் ஓரத்திலிருந்து ஒரே ஒரு இழையை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடியாக உதிர்ந்தால் பட்டு. சுருண்டு உருகி, ஆறியதும் கடினமான மணியாக நின்றால் பாலியஸ்டர்.

எங்கள் கருத்து: சமவெளிக்கும், ஓரிரவு கொடைக்கானலுக்கும் பருத்தி போதும். அதைக் கடையில் வாங்கவும் வேண்டாம், வீட்டிலேயே தைக்கலாம்.

ஏன் பழைய சுங்குடிச் சேலை?

ஐந்தரை மீட்டர் நீளம், ஒற்றைத் துணி, நடுவில் ஒட்டு கிடையாது. பலமுறை துவைத்தது என்பதால் சுருங்க வேண்டியது சுருங்கி, போக வேண்டிய சாயமும் போயிருக்கும். புதுத் துணிதான் வேண்டும் என்றால் மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடைகளில் மல் துணியோ வாயில் (voile) துணியோ கேளுங்கள். காடா வேண்டாம், உறுத்தும். புதுத் துணியை இரவு முழுக்க ஊற வைத்துக் காயப்போட்ட பிறகே வெட்ட வேண்டும். இல்லையென்றால் முதல் சலவையில் சுருங்கிக் கால் இடிக்கும்.

சேலையில் இரண்டு விஷயம் பாருங்கள். சரிகைக் கரை இருந்தால் விடுங்கள், கழுத்தைக் கீறும். அடுத்து, சேலையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மடிப்புக் கோடுகளைப் பாருங்கள். பீரோவில் வருடக்கணக்காக ஒரே மடிப்பில் இருந்தால் துணி அங்கேதான் முதலில் நையும். அந்த இடத்தை இரண்டு கட்டைவிரலால் பிடித்து இழுத்தால் இழைகள் விலகிச் சல்லடை போல் தெரியும். அப்படித் தெரிந்தால் அந்தச் சேலை ஆகாது. ஒரே இரவில் முழங்கால் பட்டுக் கிழிந்துவிடும்.

கஞ்சி போட்டிருந்தால் வெந்நீரில் அலசிப் போக்கிவிடுங்கள்.

அளவு

நீளம்: உங்கள் உயரத்தோடு 10 செ.மீ. கூட்டி இரண்டால் பெருக்குங்கள். அதோடு தலையணைப் பகுதிக்கு 90, ஓரம் மடிக்க 5 சேருங்கள். 170 செ.மீ. உயரத்துக்கு 455 செ.மீ. வரும்.

அகலம்: 93 செ.மீ. இரண்டு பக்கத் தையல் போக 90 நிற்கும். உங்கள் பேக் காலடியில் குறுகுகிற வகை என்றால் லைனரும் குறுக வேண்டும். கீழே 2-ஆம் படியில் சொன்னபடி துணியை மடித்த பிறகு, காலடிப் பக்கம் கடைசி 60 செ.மீ.யில் இரண்டு பக்கமும் சரித்து வெட்டி, அடியில் 60 செ.மீ. அகலத்துக்குக் கொண்டுவாருங்கள். நேராக விட்டால் காலடியில் துணி குவிந்து கட்டியாக நிற்கும்.

தையல்

1. வெட்டிய துணியின் இரண்டு குட்டை ஓரங்களையும் இரண்டாக மடித்துத் தையுங்கள்.

2. நல்ல பக்கம் தரையைப் பார்க்கும்படி துணியை விரியுங்கள், மடித்ததும் அது வெளியே வரும். ஒரு முனையிலிருந்து 45 செ.மீ. மேல்பக்கமாக மடியுங்கள், இது தலையணை உறை. மறுமுனையையும் அதே மேல்பக்கமாக மடித்து, உறையின் விளிம்பு வரை கொண்டுவாருங்கள். இரண்டு விளிம்பும் கழுத்தருகே சந்திக்கும். ஒன்று மேல்பக்கம், ஒன்று கீழ்ப்பக்கம் என்று மடித்தால் பின்னால் திருப்பும்போது குழம்பும்.

3. இடது ஓரம் முழுக்க அரை செ.மீ. உள்ளே தையுங்கள். வலது ஓரத்தில் உறைக்குக் கீழே 60 செ.மீ. திறப்பு விட்டுத் தையுங்கள். இந்தத் திறப்பு இல்லாவிட்டால் இருட்டில் அவசரமாக எழுந்திருக்க முடியாது.

4. பிசிறை வெட்டிவிட்டு, பையையும் உறையையும் உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, ஒரு செ.மீ. விட்டு மறுபடி தையுங்கள். பிசிறு உள்ளே அடைபட்டுப்போகும். பிறகு நல்ல பக்கம் வெளியே திருப்புங்கள். திறப்பின் ஓரங்களைத் தனியாக மடித்துத் தைக்க வேண்டும்.

5. திறப்பு முடிகிற இடத்தில் மிஷினை முன்னும் பின்னுமாக மூன்று முறை ஓட்டுங்கள். கைத்தையலானாலும், கடையில் வாங்கியதானாலும் லைனர் முதலில் கிழிவது இங்கேதான். ஒரு துண்டு நாடாவை வைத்துத் தைத்தால் இன்னும் பலம்.

6. காலடி மூலை ஒவ்வொன்றிலும் 20 செ.மீ. நாடா வையுங்கள். பேக்கின் உள்மூலைகளில் வளையம் இருந்தால் கட்டிக்கொள்ளலாம். புரண்டு படுக்கும்போது லைனர் காலைச் சுற்றி முறுக்காது.

மீந்த நீளத்துண்டில் சுருக்குப்பை தைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் சேர்த்து 350 முதல் 450 கிராம் வரும்.

தைத்ததும் வீட்டிலேயே ஓர் இரவு அதில் படுத்துப் பாருங்கள். முழங்காலை மடக்கும்போது பக்கத் தையல் விறைத்து இழுத்தால் அகலம் பற்றாது, கரைப் பக்கம் ஒரு பட்டை சேர்க்க வேண்டும். பயணம் முடிந்து வந்ததும் சுருக்குப்பையிலேயே வைத்துவிடாமல் உள்பக்கத்தைத் திருப்பித் துவைத்து, தையல் ஓரம் வரை காய்ந்த பிறகு மடித்து வையுங்கள். ஈரம் அந்த இரட்டைத் தையலில்தான் கடைசி வரை நிற்கும்.