ரெட்டினாய்டு க்ரீம்: பரு மேல் பொட்டு வைப்பதில் தொடங்கும் தவறுகள்

பரு இருக்கிற இடத்தில் மட்டும் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் படுத்துவிடுவது. ரெட்டினாய்டு எனும் வைட்டமின் ஏ சார்ந்த பரு மருந்தை க்ரீமாகவோ ஜெல்லாகவோ வாங்கிய பலர் முதலில் செய்கிற தவறு இதுதான். மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே கிளைக்கின்றன.

தோலின் நுண்துளை வாயில் இறந்த செல்கள் ஒட்டிக்கொண்டு அடைப்பதில்தான் பரு தொடங்குகிறது. அந்த அடைப்பு வெளியே தெரிகிற பருவாக வளரச் சில வாரங்கள் பிடிக்கும். அடாபலீன், ட்ரெட்டினோயின், டசரோட்டீன் போன்ற ரெட்டினாய்டு மருந்துகள் அந்த அடைப்பு உருவாவதையே தடுக்கின்றன. அதாவது, இன்று சிவந்து நிற்கிற பருவைவிட அடுத்த மாதம் வரவிருக்கிற பருவுக்குத்தான் இது முக்கியமான மருந்து. எனவே பரு வழக்கமாக வரும் பகுதி முழுவதும் பூச வேண்டும்.

முழுவதும் என்றதும் தாராளமாக அப்பிக்கொள்ள வேண்டாம். முகம் முழுமைக்கும் ஒரு பட்டாணி அளவு போதும். நெற்றி, இரு கன்னங்கள், மூக்கு, தாடை என ஐந்து புள்ளிகள் வைத்து மெல்லிசாகப் பரப்புங்கள். அதிகம் பூசினால் பரு சீக்கிரம் போகாது, எரிச்சல்தான் கூடும். கண்ணோரம், உதட்டோரம், மூக்கு மடிப்பு ஆகிய இடங்களைத் தவிர்த்துவிடுங்கள். முகம் கழுவிய ஈரத்தோடு பூசினாலும் எரிச்சல் கூடும் என்பதால் நன்றாக உலரவிட்டுப் பூசுவது நல்லது.

முதல் நாளிலிருந்தே தினமும் பூசுவதும் பலரைச் சிக்கலில் மாட்டிவிடுகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள், அல்லது வாரத்துக்கு 2, 3 இரவுகள் என்று தொடங்கி, தோல் பழகப் பழக நாட்களைக் கூட்டலாம். வறண்ட சருமக்காரர்கள் முதலில் மாய்ஸ்சரைசர் தடவி அதன் மேல் மருந்தைப் பூசலாம். இதனால் மருந்து வீணாகிவிடுமோ என்ற பயம் வேண்டாம். எரிச்சல் தாங்காமல் பாதியில் நிறுத்துவதுதான் உண்மையான வீண்.

அந்தப் பாதியில் நிறுத்தும் கட்டம் பெரும்பாலும் முதல் மாதத்தில் வருகிறது. தோல் உரியும், சிவக்கும். சிலருக்குப் பரு கொஞ்சம் கூடினது போலவும் தெரியும். மனம் தளர்வது இயல்புதான், ஆனால் பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகும். மூன்றாம் வாரத்தில் மருந்தை எடைபோடாதீர்கள். எரிச்சல் அதிகமானால் இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டுத் தொடரலாம். கொப்புளமோ வீக்கமோ வந்தால் மட்டும் பூசுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

உரிகிற தோலை ஸ்கிரப் போட்டுத் தேய்ப்பது, கூடவே சாலிசிலிக் அமிலம், கிளைகாலிக் அமிலம் என்று அடுக்குவது, பூசிய இடத்தில் வாக்சிங் செய்வது, இவை எல்லாம் ஏற்கெனவே நொந்த தோலை இன்னும் நோகடிக்கும். பருவுக்குப் பூசும் இன்னொரு மருந்தான பென்சாயில் பெராக்சைடு விஷயத்தில் ஒரு வித்தியாசம் உண்டு. அடாபலீனோடு அது ஒத்துப்போகும். இரண்டும் கலந்த ஜெல்லே கிடைக்கிறது. ஆனால் பழைய வகை ட்ரெட்டினோயினை அது சிதைத்துவிடும் என்பதால் ஒன்றைக் காலையிலும் மற்றதை இரவிலும் வைத்துக்கொள்வது வழக்கம். ட்ரெட்டினோயினை வெளிச்சமும் கெடுக்கும். அதை இரவில் பூசச் சொல்வது அதனால்தான். பகலில் எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன் கட்டாயம்.

கர்ப்பமாக இருப்பவர்களும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் இந்த வகை மருந்துகளைத் தவிர்க்க வேண்டும். பூசிக்கொண்டிருக்கும்போது கர்ப்பம் தெரியவந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அப்புறம், முகம் தெளிந்ததும் ட்யூபை மூடி வைத்துவிடுவது. மருந்தை விட்டதும் அடைப்புகள் திரும்ப உருவாகத் தொடங்கும், சில மாதங்களில் பரு மறுபடி எட்டிப்பார்க்கும். எத்தனை நாள் தொடர்வது, வாரத்துக்கு எத்தனை இரவாகக் குறைப்பது என்பதை உங்கள் தோல் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.