டயல்-அப் மோடமும் ஒரு கமாவும்

தொலைவில் இருக்கும் ஒரு பழைய பதிவுக் கருவியிலிருந்து அளவுகளை எடுக்க இன்றும் எனக்கு டயல்-அப் மோடம்தான் வழி, அதாவது தொலைபேசி லைனில் எண்ணை டயல் செய்து கணினிகளை இணைக்கும் பெட்டி. மென்பொருளின் பொத்தானை மட்டும் அழுத்திக்கொண்டிருந்த வரை, இணைப்பு ஏன் கிடைக்கவில்லை என்று ஒருநாளும் புரிந்ததில்லை. கட்டளைகளை நானே அடிக்க ஆரம்பித்த பிறகுதான் லைனில் நடப்பது தெரிந்தது.

டெர்மினல் நிரலை (கட்டளைகளை அடித்து மோடத்தோடு பேச உதவும் மென்பொருள்) திறந்து, மோடம் செருகிய சீரியல் போர்ட்டைத் தேர்ந்தெடுங்கள். போர்ட்டின் அமைப்பு: 8 டேட்டா பிட், பாரிட்டி கிடையாது, 1 ஸ்டாப் பிட். ஆங்கில எழுத்தில் ஏ, டி என்று அடித்து என்டர் தட்டினால் 'ஓகே' என்று பதில் வரவேண்டும். ஏடி என்பது 'அட்டென்ஷன்' என்பதன் சுருக்கம். 1981-ல் ஹேய்ஸ் நிறுவனத்தின் ஸ்மார்ட்மோடத்தோடு வந்த வழக்கம். 'ஓகே' வருகிறது, ஆனால் நீங்கள் அடிப்பது திரையில் தெரியவில்லை என்றால் ஏடி-இ1 கொடுங்கள் (இங்கே எழுதும் கட்டளைகளை எல்லாம் ஆங்கில எழுத்தில், நடுவில் கோடு இல்லாமல் அடிக்கவேண்டும்). முன்பு யாரோ அமைப்புகளை மாற்றி வைத்திருந்தால் ஏடி&எஃப் எல்லாவற்றையும் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிவிடும்.

சரி, டயல் செய்வோம். ஏடி-க்குப் பின் 'டயல்' என்பதன் முதல் எழுத்து, அதன் பின் 'டோன்' என்பதன் முதல் எழுத்து, பிறகு எண், என்டர். டோனுக்குப் பதில் துடிப்புகளால் எண்ணை அனுப்பும் பழைய பல்ஸ் லைன் என்றால் 'டோன்' எழுத்துக்குப் பதில் பி.

எனக்குச் சிக்கல் இங்கேதான் வந்தது. அலுவலக இன்டர்காம் லைனில் வெளியே போக முதலில் 0 அழுத்தவேண்டும். 0-வையும் எண்ணையும் சேர்த்தே அடித்தேன். மோடத்தின் ஸ்பீக்கரில் டோன்கள் கடகடவென்று ஓடின. அப்புறம் 'எண்ணைச் சரிபார்க்கவும்' என்ற பதிவுக் குரல். ஒரு நிமிடம் போல காத்திருந்து 'நோ கேரியர்' (மறுமுனை மோடத்தின் ஒலி கிடைக்கவில்லை) என்றது மோடம். வெளி லைன் திறப்பதற்குள் முதல் இலக்கங்கள் விழுந்து தொலைந்துபோயிருந்தன. 0-க்குப் பின் ஒரு கமா போட்டேன், அவ்வளவுதான். கமா என்றால் மோடம் பொதுவாக 2 விநாடி நிற்கும். அந்த நேரம் எஸ்8 என்ற பதிவேட்டில், அதாவது மோடம் அமைப்பு எண்ணை வைத்திருக்கும் இடத்தில், இருக்கிறது. போதாவிட்டால் இரண்டு கமா போடலாம், அல்லது ஏடி-எஸ்8=4. நிறுத்தம் வேண்டாம், டயல் டோன் கேட்ட பிறகே தொடரட்டும் என்றால் கமா இடத்தில் டபிள்யூ.

இன்டர்காம் லைனின் டோன் வேறு மாதிரி இருப்பதால் சில மோடம் எண்ணையே தொடாமல் 'நோ டயல்டோன்' என்று நின்றுவிடும். ஏடி-எக்ஸ்3 கொடுத்தால் டோனுக்குக் காத்திராமல் டயல் செய்யும். 'பிஸி' மட்டும் கண்டுகொள்ளும். வாய்ஸ் மெயில் வந்திருக்கும்போது விட்டுவிட்டு ஒலிக்கும் டோனுக்கும் இதே மருந்துதான்.

சோதனையின்போது ஸ்பீக்கரை அணைக்காதீர்கள். ஏடி-எம்1 என்றால் இணைப்பு ஏற்படும்வரை ஒலி கேட்கும். காதால் கேட்டால் பாதிக் கோளாறு அப்போதே பிடிபடும். எண்ணின் கடைசியில் அரைப்புள்ளி வைத்தால் டயல் செய்துவிட்டு மோடம் கட்டளை நிலைக்கே திரும்பும். எண் சரியாகப் போகிறதா என்று பார்க்க நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

'கனெக்ட்' வந்த பிறகு நீங்கள் அடிப்பதெல்லாம் மறுமுனைக்குப் போகும். கட்டளைக்குத் திரும்ப ஒரு விநாடி எதையும் தொடாமல் இருந்து, +++ அடித்து, என்டர் தட்டாமல் இன்னொரு விநாடி பொறுங்கள். 'ஓகே' வந்ததும் ஏடி-எச், லைன் துண்டிக்கப்படும். மறுபடி பேச்சைத் தொடர ஏடி-ஓ.

எல்லாம் சரியானதும் ஏடி&டபிள்யூ கொடுத்து அமைப்புகளைச் சேமியுங்கள். அடுத்தமுறை டயலுக்கு முன் ஏடி-இசட் அடித்தால் அவை அப்படியே திரும்ப வரும். கமாவை மட்டும் எண்ணோடு நீங்களேதான் போடவேண்டும்.